போல்ட் ஆக்‌ஷன் புதிதாகத் தொடங்குகிறேன், எதை முதலில் வாங்குவது?

கரிச்சான் எழுதியது:

வணக்கம். போல்ட் ஆக்‌ஷன் ஆடத் தொடங்கலாம் என்று இருக்கிறேன், இரண்டாம் உலகப் போரை மேசைமேல் சின்னச் சிப்பாய் உருவங்களை வைத்து ஆடும் விளையாட்டு. இதுவரை செஸ், கட்டான், அப்புறம் சின்ன வயதிலிருந்து 1/72 அளவில் (நிஜத்தில் 72-ல் ஒரு பங்கு) பிளாஸ்டிக் டாங்கியும் விமானமும் ஒட்டுவது, இவ்வளவுதான் என் அனுபவம். மினியேச்சர் வைத்து ஆடும் போர் விளையாட்டை நேரில் பார்த்ததில்லை, யூடியூபில் முழு ஆட்டங்களாகப் பார்த்துப் பார்த்துத்தான் ஆசை வந்தது. இருப்பது கோவையில். பக்கத்தில் யாரும் ஆடுவதாகத் தெரியவில்லை. அத்தை மகன் மட்டும் "நீ வாங்கினா நானும் ஆடறேன்" என்கிறான்.

யோசித்து வைத்திருப்பது: மூன்றாம் பதிப்பு விதிநூல், ஜெர்மன் கிரனேடியர் (காலாட்படை) இரண்டு பெட்டி, ஒரு டைகர் டாங்கி, ஜெர்மன் படைக்கான தனிப் புத்தகம். எல்லாம் இங்கிலாந்திலிருந்து வர வேண்டும், அனுப்பும் செலவு, சுங்கம் எல்லாம் கூட்டினால் தொகை மலைக்க வைக்கிறது. இதில் எது முதலில், எது பிறகு, எது தேவையே இல்லை? பையிலிருந்து பகடை எடுப்பது புரிகிறது. அந்த "பின்" விஷயம்தான் புரியவே இல்லை, அதையும் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

மண்மேடு எழுதியது:

வாருங்கள். இன்னும் பணம் கட்டவில்லை என்றால் கொஞ்சம் பொறுங்கள். உங்கள் பட்டியலில் இருப்பது முழுக்க ஒரு பக்கத்துப் படை. எதிரில் உட்கார ஆள் இருக்கிறார், அவருக்குப் படை இல்லை. நான் இருப்பது இங்கிலாந்தில், லெஸ்டரில், பக்கத்து நாட்டிங்காமில்தான் இந்த விளையாட்டை வெளியிடும் வார்லார்ட் கேம்ஸே இருக்கிறது, இங்கெல்லாம் ஒருவர் தன் படையை மட்டும் பெட்டியில் எடுத்துக்கொண்டு கிளப்புக்குப் போனால் போதும், எதிராளி அவருடைய படையோடு வந்துவிடுவார். உங்கள் ஊரில் அப்படி இல்லை என்றால் மேசையின் இரண்டு பக்கமும் உங்கள் பொறுப்பு. அதனால் ஒரே நாட்டில் இரண்டு பெட்டி வாங்காதீர்கள், இரண்டு நாடுகளில் ஒவ்வொரு பெட்டி வாங்குங்கள். ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் பெரும்பாலும் 25 முதல் 40 உருவங்கள் வரை வரும். தொடங்குவதற்கு அது தாராளம், மிச்சமே இருக்கும்.

டைகரை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். பார்க்க எவ்வளவு கம்பீரமாக இருந்தாலும் ஆளுக்கு 1000 புள்ளி மதிப்பில் படை எடுக்கும் ஆட்டத்தில் அது ஒன்றே பெரும் பங்கை எடுத்துக்கொள்ளும், ஆனால் பைக்குள் அதற்காகப் போவது ஒரே ஒரு பகடை, அதாவது சுற்றுக்கு ஒரே ஒரு கட்டளை. அத்தை மகனிடம் அதைத் துளைக்கும் பீரங்கி எதுவும் இல்லை என்றால் முதல் ஆட்டத்திலேயே அவர் ஒன்றும் செய்ய முடியாமல் உட்கார்ந்திருப்பார், இரண்டாவது ஆட்டத்துக்கு வர மாட்டார். ஆடும் ஆட்களே இல்லாத ஊரில் ஒரு எதிராளி கிடைப்பது எவ்வளவு அரிது என்று உங்களுக்கே தெரியும். எதை வாங்கினாலும் அது அவருக்கும் சுவையான ஆட்டமாக இருக்குமா என்று பார்த்து வாங்குங்கள். எனக்கு இதுதான் முதல் கணக்கு, புள்ளிக் கணக்கெல்லாம் அதற்குப் பிறகு.

தனிப் படை புத்தகமும் உடனே வேண்டாம். பழைய புத்தகம் மலிவாகக் கிடைக்கிறதே என்று இரண்டாம் பதிப்புக் காலத்தியதை வாங்கிவிடவும் வேண்டாம். 2024-ல் வந்த மூன்றாம் பதிப்பில் படை அமைக்கும் முறையே மாறிவிட்டது. முன்பு பிளட்டூன் என்ற ஒரே பெரிய குழுவுக்குள் எல்லாவற்றையும் திணிப்போம், இப்போது ரைபிள் பிளட்டூன், கனரக ஆயுத பிளட்டூன், கவச பிளட்டூன் என்று தனித்தனியாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவரோடு எடுக்க வேண்டும். பழைய பட்டியல் இதற்குள் ஒட்டாது. அதற்காக இரண்டாம் பதிப்பு மோசம் என்று சொல்லவில்லை, வீட்டுக்குள் இரண்டு பேர் மட்டும் ஆடுவதென்றால் அந்தப் பதிப்பின் பழைய விதிநூலும் படைப் புத்தகமும் யாரிடமாவது கிடைத்தால் அதையே ஆடலாம். இரண்டையும் கலக்காமல் இருந்தால் சரி.

இனி பின். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு பகடை, இரண்டு பேருடையதும் ஒரே பைக்குள். கைவிட்டு எடுக்கிறோம், யார் நிறம் வருகிறதோ அவர் இன்னும் நகராத தன் பிரிவு ஒன்றுக்கு ஆறு கட்டளைகளில் ஒன்றைத் தருகிறார்: ஃபயர் (சுடு), அட்வான்ஸ் (முன்னேறிச் சுடு), ரன் (ஓடு), ஆம்புஷ் (காத்திருந்து சுடு), ரேலி (மனந்தேறு), டவுன் (படு). இதுவரை உங்களுக்குத் தெரியும். எதிரி சுட்டு ஒரு குண்டு பட்டாலும், ஆள் சாகாவிட்டாலும், அந்தப் பிரிவுக்கு ஒரு பின், அதாவது அதன் பயத்தைக் காட்டும் ஓர் அடையாளம், வரும். பின் இருக்கும் பிரிவு கட்டளை கேட்குமா என்று இரண்டு பகடை உருட்டிப் பார்க்க வேண்டும், கூட்டுத்தொகை அதன் மன உறுதிக்குச் சமமாகவோ குறைவாகவோ இருக்க வேண்டும். மன உறுதி புதியவர்களுக்கு 8, வழக்கமான வீரர்களுக்கு 9, பழுத்தவர்களுக்கு 10. ஒவ்வொரு பின்னும் இதிலிருந்து ஒன்றைக் கழிக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வழக்கமான வீரர்களின் 9 அல்லது அதற்குக் கீழ் விழ 36-ல் 30 வாய்ப்பு. இரண்டு பின் ஏறினால் 7 வேண்டும், வாய்ப்பு 21. நான்கு பின் என்றால் 5, வெறும் 10 வாய்ப்பு. தோற்றால் அந்தப் பிரிவு தரையோடு படுத்துவிடும், அந்தச் சுற்றில் அதனால் ஒன்றும் ஆகாது. பின்களின் எண்ணிக்கை மன உறுதிக்குச் சமமானால் பிரிவே சிதறி மேசையை விட்டுப் போய்விடும். அதாவது எதிரியைக் கொல்லாமலேயே அசையவிடாமல் செய்யலாம், இந்த விளையாட்டின் உயிரே அங்கேதான் இருக்கிறது. ஒரு பிரிவை வைத்து எதிரியின் தலையைக் குனிய வைத்துவிட்டு இன்னொரு பிரிவைப் பக்கவாட்டில் ஓடவிடுவது, அப்போது பையிலிருந்து யார் நிறம் வரும் என்ற படபடப்பு, இதற்காகத்தான் இத்தனை வருடமாக இதையே ஆடுகிறேன். 2012-ல் இதை எழுதிய ரிக் பிரீஸ்ட்லியும் அலெசியோ கவடோரும் வார்ஹேமர் என்ற இன்னொரு மினியேச்சர் விளையாட்டின் உலகத்திலிருந்து வந்தவர்கள். அந்த வகை விளையாட்டுகளில் ஒருவர் தன் படை முழுவதையும் நகர்த்தும்வரை மற்றவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், இதில் அந்தக் காத்திருப்பு கிடையாது.

கரிச்சான் எழுதியது:

மிக்க நன்றி அண்ணா, பின் இப்போது புரிந்துவிட்டது. அப்படியானால் பெட்டி வருவதற்கு முன்பே ஆடிப் பார்க்க முடியுமா? என்னிடம் 1/72 சிப்பாய்கள் இரண்டு பெட்டி இருக்கிறார்கள், பெயின்ட் அடிக்காமல் அப்படியே.

மண்மேடு எழுதியது:

தாராளமாக. அதைத்தான் சொல்ல வந்தேன். இந்த விளையாட்டு 28 மி.மீ. உருவங்களுக்கு, அதாவது வாகனங்களில் 1/56 அளவுக்கு எழுதப்பட்டது, ஆனால் விதிகளில் ஆளின் உயரம் எங்கும் வராது. 1/72 வைத்து அதே அங்குலங்களில் ஆடுபவர்கள் நிறைய இருக்கிறார்கள், மேசை விசாலமாகத் தெரிவதால் அதுவே அழகு என்பவர்களும் உண்டு. பின்னால் 28 மி.மீ. வாங்கினால் உங்கள் 1/72 டாங்கிகளை அவற்றோடு கலக்காதீர்கள், சிப்பாய்க்குப் பக்கத்தில் டாங்கி பொருத்தமில்லாமல் சின்னதாகத் தெரியும்.

முதல் ஆட்டத்துக்கு ஆளுக்கு ஒரு அதிகாரி, எட்டெட்டு பேராக இரண்டு ஸ்குவாட் (சிறு குழு), ஒவ்வொன்றிலும் ஒரு இலகுரக மெஷின்கன். எல்லோரும் வழக்கமான தரம், ஆளுக்கு 10 புள்ளி. சிறப்பு விதிகள் எதுவும் வேண்டாம், வண்டி வேண்டாம். பைக்குள் ஆறே பகடை. அட்வான்ஸ் 6 அங்குலம், ரன் 12 அங்குலம், சுடும் தூரம் ரைபிளுக்கு 24, சப்மெஷின்கன்னுக்கு 12. சாப்பாட்டு மேசை போதும். இதையே மூன்று நான்கு முறை ஆடிவிட்டு ஒரு மோர்ட்டார், அப்புறம் ஒரு ஸ்னைப்பர், அப்புறம் ஒரு மீடியம் மெஷின்கன் என்று ஒவ்வொன்றாகச் சேருங்கள். ஒவ்வொன்றும் பைக்குள் இன்னொரு பகடை, அது ஆட்டத்தை எப்படி மாற்றுகிறது என்று தனித்தனியாகத் தெரியும். ஒரேயடியாக 1000 புள்ளியில் இறங்கினால் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருப்பதிலேயே மாலை போய்விடும்.

ஈரத்தூரிகை எழுதியது:

பெயின்ட் பக்கம் யாரும் போகவில்லையே, நான் சொல்கிறேன். சிங்கப்பூரில் இருந்துகொண்டு படை படையாக அடிப்பவள் நான்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் முதல் எச்சரிக்கை ஸ்ப்ரே பிரைமர் (நிறத்துக்கு முந்தைய அடிப்பூச்சு) பற்றித்தான். காற்றில் ஈரம் அதிகமாக இருக்கும் நாளில் ஸ்ப்ரே அடித்தால் உருவத்தின் மேல் வெண்மையாகப் பூத்து, மணல் போலச் சொரசொரப்பாகிவிடும், நுணுக்கமாகச் செதுக்கியிருக்கும் முகமெல்லாம் மறைந்துவிடும். கோவை பரவாயில்லை, சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் மழைக்காலத்தில் நான் ஸ்ப்ரேவைத் தொடவே மாட்டேன். பிரஷ்ஷால் பூசும் பிரைமர் இருக்கிறது, வல்லேஹோ என்ற பெயின்ட் நிறுவனத்தார் தருகிறார்கள், அது எந்த வானிலையிலும் சமர்த்தாக உட்காரும். பூசுவதற்கு முன் உருவங்களை சோப்புத் தண்ணீரில் கழுவிக் காய வையுங்கள். ஒட்டுவதற்கு பிளாஸ்டிக் என்றால் பிளாஸ்டிக் சிமென்ட், உலோகமும் ரெசினும் என்றால் சூப்பர் க்ளூ, இது மாறிப்போனால் பொம்மையின் கை உங்கள் கையோடு வரும். அச்சுக்கோடுகளைக் கத்தியின் முதுகால் சுரண்டிவிடுங்கள், 1/72 ஒட்டியவருக்கு இதெல்லாம் சொல்ல வேண்டியதில்லை.

நிறத்துக்கு முழு செட் வாங்காதீர்கள். ஒரு படைக்கு ஆறேழு குப்பி போதும். பிரிட்டிஷ் பேட்டில்டிரஸ்ஸுக்கு வல்லேஹோவின் இங்கிலிஷ் யூனிஃபார்ம், எண் 70.921. ஜெர்மன் சட்டைக்கு ஃபீல்ட்கிரே, 70.830. இதோடு தோல் நிறம், பெல்ட்டுக்குப் பழுப்பு, துப்பாக்கிக்குக் கறுப்பு, மரத்துக்கு ஒரு நிறம். இவற்றை மெல்லிசாகக் கரைத்து இரண்டு முறை பூசிவிட்டு, காய்ந்ததும் பழுப்பு வாஷ் (நீர்த்த சாயம்) ஒன்றை முழு உருவத்தின் மேலும் ஓடவிடுங்கள். மடிப்புகளுக்குள் அது போய்த் தேங்கினதும் அதுவரை பொம்மையாக இருந்தது ஆளாக மாறும், அந்தக் கணம் எனக்கு இன்னும் சலிக்கவில்லை. பிறகு மேடுகளில் அடிநிறத்தை லேசாகத் தொட்டுவிட்டால் மேசைக்குப் போதும்.

எட்டெட்டாக அடியுங்கள், ஒரு ஸ்குவாடை முடித்து அடித்தட்டில் மணல் ஒட்டி மேசையில் வைத்த பிறகே அடுத்த எட்டைப் பிரைமர் செய்யுங்கள். நாற்பதையும் ஒன்றாக எடுத்தால் நாற்பதும் பாதியில் நிற்கும். இதில் மட்டும் நான் கறாரானவள்.

கடைசிபெஞ்சு எழுதியது:

மேசை பற்றி ஒரு வார்த்தை. வெறும் மேசையில் ஆடினால் 24 அங்குலம் சுடும் ரைபிள் எல்லாரையும் முதல் இரண்டு சுற்றில் முடித்துவிடும், விளையாட்டே தப்பாகத் தெரியும். கால்வாசிக்கு மேல் ஏதாவது நிறைந்திருக்கட்டும், அதில் பாதி பார்வையை முழுதாக மறைப்பதாக இருக்கட்டும். காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. டீ போட்ட தூளைக் கழுவிக் காய வைத்தால் காட்டுத் தரையின் சருகு, தேங்காய் நார் உயரமான புல், தெர்மாகோல் குன்று, அட்டைப்பெட்டி வீடு. தெர்மாகோல் மேல் நேரடியாக ஸ்ப்ரேவோ சூப்பர் க்ளூவோ பட்டால் அரித்துவிடும், முதலில் ஃபெவிகாலில் மணலைக் குழைத்து ஒரு பூச்சு கொடுத்துவிடுங்கள். முழு ஆட்டத்துக்கு 6 அடிக்கு 4 அடி வேண்டும், ஒரு பிளைவுட் பலகையை இரண்டாக அறுத்து வைத்துக்கொண்டால் கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

கரிச்சான் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இன்னொரு கேள்வி. ஜெர்மனுக்குப் பதிலாக நம் ஆட்களை வைத்து ஆட முடியுமா? இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படை இருந்ததே.

மண்மேடு எழுதியது:

முடியும், நிறையவே முடியும். இருபத்தைந்து லட்சம் பேர் இருந்த படை அது, எல்லோரும் தாமாகச் சேர்ந்தவர்கள். ஆப்பிரிக்காவில் 4-ஆவது இந்திய டிவிஷன், பிறகு இத்தாலியில் மோண்டே காசினோ, கிழக்கே 1944-ல் இம்பாலும் கொஹிமாவும். ஆயுதம் எல்லாம் பிரிட்டிஷ் வகைதான், லீ என்ஃபீல்ட் ரைபிளும் பிரென் கன்னும், அதனால் பிரிட்டிஷ் படைப் பட்டியலே பொருந்தும். பாலைவனம் என்றால் பெர்ரி மினியேச்சர்ஸ் நிறுவனம் தரும், பிரிட்டிஷ் 8-ஆவது படையின் பிளாஸ்டிக் பெட்டி நன்றாக இருக்கும், காக்கி அரைக்கால்சட்டையும் ஹெல்மெட்டும் இந்திய வீரர்களுக்கும் அதேதான், தோல் நிறத்தை மட்டும் மாற்றினால் போதும். பர்மா என்றால் காட்டுப்பச்சை உடை, அங்கே டாங்கி வேண்டும் என்று ஆசைப்பட்டால் எம்3 லீ, மற்ற முனைகளில் பழசாகிப்போன பிறகும் பர்மாவில் கடைசிவரை ஓடியது.

மெட்ராஸ் சேப்பர்ஸ், அதாவது இந்தியப் படையின் பொறியியல் வீரர்கள், ஒரு பிரிவு செய்யுங்கள், கேட்டுக்கொள்கிறேன். படைக்குள் அவர்களைத் தம்பிகள் என்றுதான் கூப்பிடுவார்கள். நார்மண்டி கடற்கரையில் முள்கம்பியைத் தகர்த்த வெடிகுழாயான பெங்களூர் டார்பிடோ 1912-ல் பெங்களூரில் மெட்ராஸ் சேப்பர்ஸிலிருந்த ஒரு கேப்டன் உருவாக்கியது. கையில் நீளக் குழாயோடு குனிந்து ஓடும் நான்கு பேர், பிளாஸ்டிக் கம்பியை வெட்டி ஒட்டினாலே குழாய் கிடைத்துவிடும், அந்த அடித்தட்டு ஒன்று போதும் படைக்கு ஒரு முகம் வர.

ஈரத்தூரிகை எழுதியது:

இதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பர்மா முனையில் எதிர்ப்பக்கமும் தமிழர்கள் இருந்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்தும் இங்கே சிங்கப்பூரிலிருந்தும் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்களில் தமிழ்த் தொழிலாளர்கள் ஏராளம். 1942-ல் பிரிட்டிஷார் இங்கே விட்டுப்போன துப்பாக்கிகளே அவர்கள் கையிலும் இருந்தன. அதனால் ஒரே வகை உருவங்களில் தொப்பியையும் அடையாளங்களையும் மாற்றி இரண்டு பக்கமும் செய்யலாம். என் அலமாரியில் இரண்டும் இருக்கின்றன, ஒன்றை அடிக்கும்போது அடித்த அதே கவனத்தோடுதான் மற்றதையும் அடித்தேன்.

வடலி எழுதியது:

வாசித்துக்கொண்டே வந்தேன், இந்த இடத்தில் நானும் கதைக்க வேண்டும் போலிருக்கிறது. நான் ரொறன்ரோவில் இருக்கிறேன், பிறந்தது வடமராட்சியில். இங்கே ஒரு கடையில் கிழமைக்கு ஒருமுறை இதை ஆடுகிறேன். எங்கட வீட்டில் இதை மேசையில் பரப்புவது லேசான விஷயம் இல்லை. அம்மாவுக்கு ஷெல் என்பது சொல் இல்லை, சத்தம். அவர் கூடத்தில் இருக்கும்போது நான் மோர்ட்டார் பகடையை உருட்டுவதில்லை.

பிறகு ஏன் ஆடுகிறேன் என்று கேட்டால், பயந்த மனிதர்கள் கட்டளையைக் கேட்கமாட்டார்கள் என்பதை மையமாக வைத்த விளையாட்டு இது என்பதால்தான். மற்ற விளையாட்டுகளில் சிப்பாய் சாகும்வரை முழு ஆள், இதில் அவன் படுத்துக்கொள்கிறான், எழும்ப மறுக்கிறான், ஓடிப்போகிறான். அது எனக்கு உண்மையாகப்படுகிறது. ஆனாலும் எனக்கென்று சில எல்லைகள் இருக்கின்றன. நாஜிக் கட்சியின் எஸ்எஸ் படையை நான் வைப்பதில்லை, எதிராளி வைத்தால் ஆட வேறு ஆளைப் பார்ப்பேன். ஊர்ச் சனம் இருக்கும் காட்சிகளை ஆடுவதில்லை. எங்கட காலத்துப் போர்களை ஒருக்காலும் மேசைக்குக் கொண்டுவருவதில்லை.

தம்பி, அத்தை மகனோடு தொடங்க முதல் இதையும் ஒருக்கா கதைத்து வையுங்கோ. எந்தப் படை, எந்தக் களம், எது வேண்டாம் என்று. கனபேர் விதிநூலை மட்டும் பேசுகிறார்கள், இதைப் பேசுவதில்லை.

கடைசிபெஞ்சு எழுதியது:

வடலி, மதிப்போடு கேட்கிறேன், எஸ்எஸ் வைத்தவர் எல்லாம் அந்தக் கொள்கைக்காரர் என்று எடுத்துக்கொள்ள முடியாது இல்லையா? 1944 நார்மண்டியை அப்படியே காட்ட நினைப்பவருக்கு அவர்களை விட்டுவிட்டால் வரலாறு பொய்யாகிவிடும். நானும் வைப்பதில்லை, ஆனால் வைப்பவரோடு ஆட மாட்டேன் என்று சொல்லத் தயக்கம்.

வடலி எழுதியது:

வைப்பவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. என் மாலைப்பொழுதை எதோடு கழிக்கிறேன் என்பது என் தெரிவு, அவ்வளவுதான். நார்மண்டியில் சாதாரண ஜெர்மன் காலாட்படையும் நிறைய இருந்தது, அதைக் கொண்டு வந்தால் சந்தோஷமாக ஆடுவேன். இதில் நாங்கள் இரண்டு பேரும் ஒத்துப்போக வேண்டும் என்றும் இல்லை.

கரிச்சான் எழுதியது:

வடலி அண்ணா, எழுதியதற்கு நன்றி. நேற்று அத்தை மகனிடம் இதையெல்லாம் உட்கார்ந்து பேசினேன். முடிவு இது: வட ஆப்பிரிக்கா. எனக்கு 8-ஆவது படைப் பெட்டி ஒன்று, இந்திய வீரர்களாக அடிக்கப்போகிறேன், மெட்ராஸ் சேப்பர்ஸ் நால்வர் உட்பட. அவனுக்கு அங்கே சண்டையிட்ட ஜெர்மன் படையான ஆப்ரிக்கா கோர் பெட்டி ஒன்று, செலவில் பாதி அவன். விதிநூல் ஒன்று. டைகர் இல்லை. அவை வந்து சேரும்வரை 1/72 ஆட்களை வைத்து ஆறு பகடை ஆட்டம், இந்த ஞாயிற்றுக்கிழமை முதலாவது.

ஒரு சந்தேகம்தான் பாக்கி. கட்டளை அச்சிட்ட அந்தப் பகடைகள் இப்போது கையில் இல்லை. சாதாரணப் பகடையில் ஆடலாமா? அவன் முதல் ஆட்டத்திலேயே வெட்டரன் (பழுத்த) ஆட்கள் வேண்டும் என்று கேட்கிறான், கொடுக்கலாமா?

மண்மேடு எழுதியது:

நல்ல முடிவு. பாலைவனம் என்றால் பெயின்ட் வேலையும் பாதி, அடித்தட்டுக்கு வெறும் மணல் போதும். பாலைவனம்தானே என்று மேசையை மட்டும் காலியாக விட்டுவிடாதீர்கள், கடைசிபெஞ்சு சொன்னதை நினைவில் வையுங்கள், பாறைத் திட்டும் மணல்மேடும் இடிந்த மண்சுவரும் நிறைய வேண்டும்.

சாதாரணப் பகடை தாராளமாகப் போதும். இரண்டு நிறத்தில் மும்மூன்று, அளவும் எடையும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பைக்குள் கை தானாகவே கண்டுபிடித்துவிடும். 1 ஃபயர், 2 அட்வான்ஸ், 3 ரன், 4 ஆம்புஷ், 5 ரேலி, 6 டவுன் என்று ஒரு தாளில் எழுதி மேசையோரம் வைத்துவிடுங்கள். கட்டளை கொடுத்ததும் அந்த எண்ணை மேலே திருப்பி பிரிவின் பக்கத்தில் வையுங்கள். பின்னுக்குச் சட்டைப் பொத்தான், புளியங்கொட்டை, எது வேண்டுமானாலும்.

வெட்டரன் இப்போது வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒருவருக்கு 13 புள்ளி, அதே செலவில் அவருக்கு ஆள் குறையும். அதோடு குண்டு பட்ட வழக்கமான வீரன் சாகப் பகடையில் 4-ஆவது, வெட்டரன் சாக 5-ஆவது விழ வேண்டும் என்பதால் ஒரு பக்கம் மட்டும் கல்லாக நிற்பதாகத் தோன்றும், பின் எப்படி வேலை செய்கிறது என்று இருவருக்குமே சரியாகத் தெரியாமல் போகும். இரண்டு ஆட்டம் கழித்து ஒரு ஸ்குவாடை மட்டும் மாற்றிப் பாருங்கள்.

ஞாயிறு ஆடி முடித்ததும் எந்தப் பிரிவு எத்தனை பின்னில் படுத்தது, எந்தக் கட்டளையை யாரும் கொடுக்கவே இல்லை என்று இரண்டையும் குறித்து இங்கே எழுதுங்கள். பெரும்பாலும் ஆம்புஷும் ரேலியும்தான் விடுபடும். அதைப் பார்த்து இரண்டாவது ஆட்டத்துக்கு மோர்ட்டார் சேர்ப்பதா ஸ்னைப்பரா என்று சொல்கிறேன்.